ஐசோபிளேவோன்: பெயரும் பொருளும்

அவரைக் குடும்பத் தாவரங்களில் மிகுதியாகக் காணப்படும் ஐசோபிளேவோன்களுக்குத் தமிழ்ப்பெயர் காண்போர் வேர்ச்சொல்லை மட்டும் நம்பலாகாது. 'பிளேவோன்' என்பது மஞ்சளைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழி வந்தது. ஐசோபிளேவோன்களோ பெரும்பாலும் நிறமற்றவை. 'ஐசோ' என்னும் முன்னொட்டும் இங்கு வெறும் சமத்தன்மையைக் குறிப்பதன்று, மாற்றியத்தைச் சுட்டுவது. பிளேவோனில் இரண்டாம் கார்பனுடன் இணையும் பீனைல் வளையம் இதில் மூன்றாம் கார்பனுடன் இணைகிறது. எனவே 'சமமஞ்சள்' என்பது இருவகையாலும் பிழையாம். சோயா அவரையிலுள்ள டைட்சீனின் பெயரிலோ அவ்வவரையைக் குறிக்கும் 'டைசு' என்ற சப்பானியச் சொல்லே உறைந்துள்ளது. அதனை ஒலிபெயர்த்தலே தகும்.

'தாவர ஈஸ்ட்ரோஜன்' என்பது அமைப்பால் அன்றிச் செயலால் வந்த பெயர்; லிக்னன்கள் சிலவும் அதனுள் அடங்கும். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவரை மேய்ந்த செம்மறியாடுகள் மலடானமைக்கு இச்செயலே காரணம். மருந்துக்குறிப்பை மொழிபெயர்ப்போர் இவ்விரு பெயர்களையும் ஒன்றாக்கிவிடின், எச்சரிக்கை எப்பொருளுக்குரியது என்பதே மாறிவிடும்.