மூழ்குவோன் கைக்கயிறு

முன்னாளில் மன்னார் முத்துச் சலாபத்தில் மூழ்கியவனின் கயிற்றைத் தோணியிலிருந்து ஒருவர் பிடித்திருந்தார். காற்றுக்கலன் சுமந்து மூழ்குவோனோ தன் கயிற்றைத் தானே பிடித்தல் வேண்டும். மேலெழுமுன் அவன் விடும் மிதவையே அவனிருக்குமிடத்தைப் படகோட்டிக்குக் காட்டும்.

நீரோட்டம் கயிற்றைச் சாய்க்குமாதலால், 20 மீற்றர் ஆழத்திலிருந்து மிதவை விட 30 மீற்றர் கயிறு மிகையன்று. பின்னிய நைலோன் கயிறு நன்று. மிக மெல்லியதாயின் விரலை அறுக்கும்.

உருளையைத் தெரிவதிலேதான் உயிர் தங்கியிருக்கிறது, நேயர்களே! கைபிடியும் பூட்டுமுள்ள உருளையிற் கயிற்றைச் சுற்றுதல் எளிது. ஆயின் தளர்ந்த கயிறு சிக்கினால் அது சுழலாது நின்றுவிடும். மிதவையின் காற்றோ மேலே செல்லச் செல்ல விரியும். 10 மீற்றரில் ஒரு பங்காயிருந்தது நீர்மட்டத்தில் இரு பங்காகும். உருளையை உடலிற் கொளுவியவனை மிதவை உடனிழுத்துச் செல்லும்; அவன் மூச்சை அடக்கினால், நுரையீரலிலுள்ள காற்றும் விரிந்து அதனைக் கிழிக்கும். ஆதலால், புதியவர்க்கு நடுவே துளையுள்ள வெறும் வட்டச் சுருளே தக்கதென்பேன். சிக்கினால் உடனே கைவிட்டுவிடலாம். போவது கயிறு மட்டுமே.