“உப்பு எவ்வளவுன்னு எழுதுங்கய்யா!” – சமையல் புத்தகங்கள் மீது இல்லத்தரசி பாய்ச்சல்

சென்னை திருவல்லிக்கேணி இல்லத்தரசி ஒருவர், சமையல் புத்தகங்கள் மீது சரமாரியாகப் புகார் கூறுகிறார்.

“‘உப்பு தேவையான அளவு’ன்னு போட்டுடுறாங்க. தேவை தெரிஞ்சா புத்தகம் எதுக்கு? கல்யாணமான புதுசுல அதை நம்பி சாம்பார் வெச்சேன். கரிச்சுப் போச்சு. மாமனார் பாதியிலேயே இலையை மடிச்சிட்டு எழுந்துட்டார். ராத்திரி பூரா அழுதேன்” என்றார் அவர்.

கல் உப்பா, தூள் உப்பா என்றும் எழுத வேண்டுமாம். ஒரே ஸ்பூனில் அளந்தாலும் தூள் உப்புதான் கூடுதலாகக் கரிக்கும்!

மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ புத்தகத்துக்கு மட்டும் தனி மரியாதை. “பக்கத்துல நின்னு சொல்லித்தர்ற மாதிரி இருக்கும்” என்கிறார்.

அடுத்த மாதம் இவர் மகளுக்குத் திருமணம். சீர்வரிசையோடு கைப்பட எழுதிய நோட்டு ஒன்றும் போகிறது. அதில் முதல் வரி: “4 பேருக்கு சாம்பார். கல் உப்பு 2 ஸ்பூன், தலை தட்டி.”