ஸ்கிராட்சில் நிரைகளை வடிகட்டுதல்: தவறும் திருத்தமும்

தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, தேர்ச்சி பெற்றவர்களையும் கூடுதல் பயிற்சி தேவைப்படுபவர்களையும் பிரித்தெழுதுவது நமக்குப் பழகிய வேலை. அட்டவணையில் நிபந்தனைக்குப் பொருந்தும் நிரைகளை மட்டும் பிரித்தெடுக்கும் இதையே கணினியில் 'வடிகட்டுதல்' என்கிறோம். பிளாக்குகளைப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்கிராட்சில் மாணவர்களே இதைச் செய்து பார்க்கலாம்.

ஸ்கிராட்சில் இருபரிமாண அணி நேரடியாக இல்லை. ஒருபரிமாணப் பட்டியல்களே உண்டு. ஆகவே 'பெயர்', 'மதிப்பெண்' என இரு பட்டியல்களை உருவாக்குகிறோம். இரண்டையும் இணைப்பது வரிசை எண் ஒன்றே. பெயரில் மூன்றாவதாக இருப்பவரின் மதிப்பெண், மற்றதிலும் மூன்றாவதாகத்தான் இருக்கும். ஒரு பட்டியலில் மட்டும் ஓர் உறுப்பை நீக்கினால், அதன்பின் ஒருவரின் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்கு நேரே வந்துவிடும்.

இப்போது இந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

1. கயல் – 72
2. முகிலன் – 68
3. நிலா – 31
4. அமுதன் – 28
5. யாழினி – 64

தேர்ச்சிப் பட்டியல் வேண்டும் என்றால், மாணவர்கள் பெரும்பாலும் இப்படி யோசிப்பார்கள்: 'எண்' என்ற மாறியை 1 முதல் 5 வரை உயர்த்துவோம், மதிப்பெண் 35-க்குக் குறைவு எனில் அந்த நிரையை இரு பட்டியல்களிலும் நீக்குவோம். சரியாகத்தானே தோன்றுகிறது?

படிப்படியாகப் பார்ப்போம். எண் 3 ஆகும்போது நிலாவின் நிரை நீங்குகிறது. உடனே அமுதன் மூன்றாம் இடத்துக்கும் யாழினி நான்காம் இடத்துக்கும் நகர்கிறார்கள். ஆனால் எண் அடுத்து 4 ஆகிவிடுகிறது. அமுதனின் நிரை சோதிக்கப்படவே இல்லை. 28 மதிப்பெண் பெற்றவர் தேர்ச்சிப் பட்டியலில் தங்கிவிடுகிறார். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. உதவி தேவைப்படும் ஒரு குழந்தை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

இதைத் திருத்த இரு வழிகள் உண்டு.

முதல் வழி, கடைசியிலிருந்து தொடங்குவது. எண்ணை 5-இல் வைத்து ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தால், நகரும் நிரைகள் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவையாகவே இருக்கும்.

இரண்டாவது வழி, எதையும் நீக்காமல் புதிதாக இரு பட்டியல்களை உருவாக்குவது. நிபந்தனைக்குப் பொருந்தும் பெயரையும் மதிப்பெண்ணையும் அவற்றில் சேர்த்துவரலாம். மூல அட்டவணை அப்படியே இருப்பதால், விடையைச் சரிபார்க்கவும் முடியும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புதிய பட்டியல்களை முதலில் காலி செய்யும் பிளாக்கைச் சேர்க்க மறக்க வேண்டாம். இல்லையேல் பழைய பெயர்களோடு புதியவையும் சேர்ந்துவிடும்.

கணினி இல்லாத வகுப்பிலும் இதைச் செய்யலாம். ஐந்து மாணவர்களை அட்டைகளுடன் வரிசையில் நிறுத்துங்கள். ஒருவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே வரட்டும். ஒருவர் விலகியதும் மற்றவர்கள் நெருங்கி நிற்கட்டும். தவறு எங்கே நிகழ்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அட்டைகளில் அவர்களின் உண்மையான மதிப்பெண்கள் வேண்டாம். செடிகளின் இலை எண்ணிக்கை போன்ற யாரையும் நோகடிக்காத எண்கள் போதும்.

நிரல் ஓடிவிட்டது என்பதாலேயே விடை சரியாகிவிடாது. எத்தனை நிரைகள் உள்ளே சென்றன, எத்தனை வெளியே வந்தன என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையும் இந்தப் பயிற்சியோடு சேர்த்தே கற்றுத்தருவோம்.