அண்டா திரும்பணும், கார் கிளம்பணும்

புதுச்சேரியின் ஒதியம்பட்டில் ஒரு வளைகாப்புக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கிறோம். அண்டா, குண்டான், தாம்பாளம் எல்லாம் கடை நோட்டில் ஏறும். அண்டாவின் கழுத்தில் கடைப் பேர் வெட்டியிருப்பதால் வேறொன்றைத் திருப்பிக் கொடுத்து ஏமாற்ற முடியாது. முன்பணம் இல்லையென்றால் ஊரில் தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்கலாம். பாத்திரம் திரும்பியதும் நோட்டில் அடித்துவிடுவார்கள்.

சொந்தக் காரை வெளிநாட்டுக்கு ஓட்டிப்போக உதவும் 'கார்னே' என்ற சுங்கப் புத்தகமும் இதே கணக்குதான். ஒரு நாட்டுக்குள் கார் நுழைந்தாலே அது இறக்குமதி, வரி உண்டு. "விற்க வரவில்லை, சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்" என்று வாயால் சொன்னால் எந்தச் சுங்க அதிகாரி நம்புவார்? ஆகவே மும்பையின் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்பு நமக்காக ஜாமீன் நிற்கிறது; சும்மா இல்லை, நம்மிடம் உத்தரவாதத் தொகை வாங்கிக்கொண்டுதான். வெட்டிய பேரின் இடத்தில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும். ஆர்.சி.யில் உள்ளதற்கும் கார்னேயில் உள்ளதற்கும் ஓர் எழுத்து பிசகினாலும் எல்லையில் நிற்க வேண்டியதுதான்.

கார்னேயின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. இரண்டு முத்திரையும் விழுந்த அடிக்கட்டை நம்மிடம் தங்கும். வெளியேறும் முத்திரைதான் உயிர். நள்ளிரவில் வரிசை நீளம் என்று அதை வாங்காமல் வந்துவிட்டால், கார் நம் வீட்டு வாசலிலேயே நின்றாலும் அந்த நாட்டுக் கணக்கில் அது இன்னும் அங்கேதான். வரி கேட்டு நோட்டீஸ் வரும்.

தனியார் வாகனங்களைத் தற்காலிகமாக வரியின்றி விடும் ஐ.நா. ஒப்பந்தம் 1954 ஜூன் 4-இல் நியூயார்க்கில் உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல், எங்கள் பக்கத்துக் கீழூரில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அதுவரை வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போவதே எல்லை தாண்டுவதுதான். இன்று புதுச்சேரிப் பதிவெண் கொண்ட பி.ஒய். வண்டியை மறித்தால் டிக்கியில் மது பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கார்னே எல்லா இடத்துக்கும் தேவையில்லை. ஈரானுக்கு வேண்டும். நேபாளத்துக்கு எல்லையில் 'பன்சார்' என்ற சுங்கக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கினால் போதும். நம் ஓட்டுநர் உரிமமே செல்லும். பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டை. ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். மற்ற நாடுகளுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் பன்னாட்டு உரிமம் அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பலரும் கோட்டைவிடுவது காப்பீட்டில்: நம் பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூடான் வரை நீட்டித்துத் தருவார்கள். அந்தத் தாளைக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.