பொம்மைக் குவியலைக் குறைப்பது எப்படி?

குழந்தை இருக்கும் வீட்டில் பொம்மைகள் யாரும் தீர்மானிக்காமலே பெருகுகின்றன. பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவருகிறார்கள். மற்ற வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனால் குழந்தை ரிட்டர்ன் கிஃப்ட்டோடு திரும்புகிறது. திருவிழாக் கடை, ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டி, அழுகையை நிறுத்த அவசரத்துக்கு வாங்கியது என்று வரவுக்குப் பல வழிகள் இருக்கின்றன. வெளியே போகத்தான் வழியில்லை. கூட்டுக் குடும்பத்தில் அம்பாசமுத்திரம் மரச் சொப்பு அக்காவிடமிருந்து தங்கைக்கும், அங்கிருந்து சித்தப்பா பிள்ளைகளுக்கும் கைமாறும். ஒற்றைப் பிள்ளை வளரும் அடுக்குமாடி வீட்டில் வாங்கிக்கொள்ள அடுத்த ஆள் இல்லை. இரண்டு வயதில் விளையாடிய சாமான் மேல் ஐந்து வயதுச் சாமான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதனால் இடம் அடைபடுவது மட்டுமல்ல, விளையாட்டே கெடுகிறது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குட்பட்ட 36 குழந்தைகளைத் தனித்தனியே ஓர் அறையில் விளையாட விட்டுக் கவனித்தார்கள். ஒருமுறை அறையில் 4 பொம்மைகள் இருந்தன, இன்னொருமுறை 16. ஒவ்வொரு முறையும் 15 நிமிடம். 16 பொம்மைகள் கிடந்தபோது குழந்தைகள் ஒன்றை எடுத்துச் சட்டென்று போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள். ஒரே பொருளை உருட்டியும் அடுக்கியும் ஒளித்தும் பல விதமாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் ஆய்விதழில் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் பெட்டி நிறையச் சாமானைத் தரையில் கவிழ்த்துவிட்டு, 'போரடிக்குது' என்று வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்த எவருக்கும் அது புதிய செய்தியாக இருக்காது.

பெரியவர்களும் தப்புவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், 30 வீடுகளின் கணவன் மனைவியரைத் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். எச்சிலில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனின் அளவையும் பார்த்தார்கள். சாமான் அடைசல், முடியாத வேலை என்றே வீட்டைப் பற்றிப் பேசிய மனைவிமாரிடம் அந்த ஹார்மோன் பகல் முழுவதும் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்துவது இங்கும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அந்தச் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே கூட இந்த வேலையில் இறங்கலாம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிப் பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலும் பரண் மேலும் டிவி மேசை இழுப்பறையிலும் பிரிந்து கிடக்கும்வரை எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. குவியலில் முதலில் வெளியேற வேண்டியவை ஆபத்தானவை. வில்லை போன்ற பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடக்கூடும். ஒளிரும் மோதிரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை போன்ற மலிவுச் சாமான்களில் இந்த பேட்டரி இருக்கும். அதன் மூடி திருகாணி இல்லாமல் நகத்தாலேயே திறந்தால் அந்தப் பொருளை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. சிறு காந்தங்களும் அப்படித்தான்: இரண்டை விழுங்கினால் குடலின் மடிப்புகளுக்கு ஊடாக ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத பொருளில் பிளாஸ்டிக் எத்தகையது, சாயம் எத்தகையது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்து உடைந்தவை, துண்டு தொலைந்த புதிர்ப் படங்கள், சக்கரம் போன கார்கள். இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. உடையாமல் இருப்பவற்றைத்தான் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரே பாட்டைப் பாடும் பொம்மை இரண்டு நாளில் தீர்ந்துபோகும். வேலையெல்லாம் பொம்மையே செய்துவிடுவதால் குழந்தைக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. மரக்கட்டைகள், சொப்புச் சாமான், களிமண், பந்து, சாதாரணத் துணிப்பொம்மை ஆகியவை இரண்டு வயதில் ஒரு விதமாகவும் ஏழு வயதில் வேறு விதமாகவும் பயன்படும். அவை வீட்டில் தங்கட்டும்.

குழந்தை பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துக் கமுக்கமாகத் தூக்கிப்போடுவது பல வீடுகளில் வழக்கம். அது வேண்டாம். குழந்தை கட்டாயம் கண்டுபிடிக்கும். அதன்பின் எதையும் விட்டுக்கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளைகூட, 'இந்த ரெண்டுல எது தம்பிப் பாப்பாவுக்கு?' என்று கேட்டால் பதில் சொல்லும். சில பொருள்களை மட்டும் கேட்கவும் கூடாது. நைந்த போர்வைத் துண்டு, காது பிய்ந்த கரடி என்று ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் சில குழந்தைகள் தூங்கும். ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1951இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தாயிடமிருந்து மெல்ல விலகித் தனித்து நிற்கப் பழகும் குழந்தைக்கு அப்பொருள் துணை என்றார். அது அழுக்கேறி நாறினாலும் தாய்மார் துவைக்கத் தயங்குவதையும் கவனித்திருந்தார்: துவைத்தால் வாசனை போய், குழந்தையின் அனுபவம் நடுவில் அறுபடும். அத்தகைய ஒன்றை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.

மிஞ்சியவற்றை எங்கே வைப்பது என்பதில் மரியா மாண்டிசோரியின் அனுபவம் உதவும். 1907இல் ரோமில் ஏழைக் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளியில் சாமான்களைப் பெரிய அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆசிரியை எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துபோய், மறுநாள் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலையில் ஆழ்ந்திருந்தார்கள். அதன்பின் மாண்டிசோரி குழந்தை உயரத்துக்குக் குட்டையான அலமாரிகளை வைக்கச் செய்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போர்க் காலத்தை இந்தியாவில் கழித்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர் அவர். இன்றும் மாண்டிசோரி வகுப்புகளில் திறந்த தட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் உண்டு. வீட்டிலும் அப்படியே ஒரு தாழ்ந்த தட்டில் எட்டு, பத்துப் பொருள் போதும். மற்றவற்றை இரண்டு மூன்று அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்கலாம். இறங்கி வரும் பழைய பொம்மை புதிதாக வாங்கியதைப் போலவே வரவேற்கப்படும். பல முறை மாற்றியும் ஒரு பெட்டியைக் குழந்தை தேடவே இல்லையென்றால் அது யாருக்காவது கொடுக்க வேண்டிய பெட்டி.

கொடுப்பதை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். அங்கன்வாடிக்கோ இல்லத்துக்கோ தருவது கழுவிக் காயவைத்ததாக, துண்டு குறையாததாக இருக்கட்டும். நம் வீட்டில் வேண்டாத குப்பையை அவர்கள் வாசலில் இறக்குவது தானமாகாது. பேட்டரி பொம்மைகளை மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்க்க வேண்டும். போகியன்று பிளாஸ்டிக் பொம்மைகளைத் தீயில் போடுவதால் நச்சுப்புகை கிளம்பும்; அதை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் அதே குழந்தைகள்தான்.

இத்தனைக்குப் பிறகும் வரவைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஒரே பிறந்தநாளில் பெட்டி நிறைந்துவிடும். ரிட்டர்ன் கிஃப்ட்டுக்குக் கதைப் புத்தகமோ செடி விதையோ கொடுக்கத் தொடங்கினால் தெரிந்த வட்டத்தில் மற்றவர்களும் பின்பற்றுவார்கள். உறவினர்கள் சேர்ந்து ஒரே பெரிய பொருளை, ஒரு சைக்கிளையோ நல்ல கட்டைப் பெட்டியையோ, வாங்கித் தரலாம். தாத்தா பாட்டியிடம் 'வாங்காதீங்க' என்று சொன்னால் மனம் நோகும். 'நீங்க வரும்போது இவளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுங்க' என்று கேட்டால் அவர்களுக்கும் அது பிடிக்கும். புளியங்கொட்டை பரணில் இடம் அடைப்பதுமில்லை.