பேர் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்சது!

ஒரே வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் என்ன செய்வோம்? இனிஷியல் சேர்ப்போம் இல்லையா? இதுவும் அதே சங்கதிதான்.

2012-ல் வெளிவந்தது ஆன்சிபிள் மென்பொருள். கணினி எப்படி அமைய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அதுவே அமைத்துவிடும். அறிவியல் கண்காட்சிக்காக என்ஜினெக்ஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டையும் ஒரே கணினியில் நிறுவ எழுதினேன். இரண்டு ரோலிலும் 'போர்ட்' என்றே பேர் வைத்தேன். பொதுக் கோப்பில் 'போர்ட்: 8080' என்று ஒரு வரி போட்டேன். இரண்டுமே அதை எடுத்துக்கிச்சு! ஒரே கதவு எண்ணில் இரண்டு குடும்பம் குடியேற முடியுமா? இரண்டாவது கிளம்பவே இல்லை. விடிஞ்சா கண்காட்சி, ராத்திரி பூரா முழிச்சேன்.

கடைசியில் 'என்ஜினெக்ஸ்_போர்ட்' 8080, 'மைஎஸ்க்யூஎல்_போர்ட்' 3306 என்று மாற்றினேன். ஓடிடுச்சு!

நான் கற்ற பாடம்:

1. மாறியின் பேருக்கு முன்னால் ரோலின் பேரைச் சேருங்கள்.

2. எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். எண்ணில் தொடங்கக் கூடாது. நடுவில் சிறுகோடும் கூடாது.

3. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பேர் வையுங்கள். ஓடும்போது அந்தப் பேர்தான் திரையில் வரும். எங்கே நின்றது என்று உடனே தெரியும்.

பேரைப் படிச்சாலே வேலை புரியணும். அதுதாங்க நல்ல நிரல்!

– 12-ஆம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு