பால் சோதனையில் ஒரே முறை

கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களில் காலையும் மாலையும் நடைபெறும் பால் சோதனை எளிய அலுவல்போலத் தோன்றும். ஆயினும், பாலிலுள்ள கொழுப்பையும் கொழுப்பு நீங்கலான திடப்பொருளையும் கொண்டே விலை கணக்கிடப்படுவதால், சோதனையில் நேரும் சிறு பிசகும் குடியானவரின் வருவாயைப் பாதிக்கும். இன்று ஒருவிதம், நாளை வேறுவிதம் என்று சோதிக்கும் இடத்தில் நல்ல கருவி இருந்தும் பயனில்லை.

மாதிரி எடுப்பதிலிருந்தே முறை தொடங்குகிறது. அசையாதிருக்கும் பாலில் கொழுப்பு மேலே திரளும். மேலாக மொண்டால் கொழுப்பு மிகுந்தும், அடியிலிருந்து எடுத்தால் குறைந்தும் காணப்படும். ஆதலால் பாத்திரத்துப் பால் முழுவதையும் அடிவரை கலக்கிய பின்னரே மாதிரி எடுத்தல் வேண்டும். கூட்டம் நெருக்கும் வேளையில் முதலில் கைவிடப்படுவது இக்கலக்கலே!

பால்மானியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். தண்ணீர் கலந்த பாலில் அது ஆழ்ந்து நின்று குறைந்த எண்ணைக் காட்டும். பால் வெதுவெதுப்பாக இருந்தாலும் அவ்வாறே காட்டும். கறந்தவுடன் பாலில் தங்கியிருக்கும் காற்றும் எண்ணைக் குறைக்கும். ஆகவே, அப்பொழுதே கறந்து விரைந்து வந்த நாணயமான உறுப்பினர்மீது வீண்பழி விழக்கூடும். 27 டிகிரி செல்சியஸுக்கென அமைந்த பால்மானியாயின், வெப்பமானியில் அதற்கு மேற்படும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.2 கூட்டிக்கொள்ளல் வேண்டும். வெப்பமானி இல்லாத சங்கத்தில் பால்மானியை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. கொழுப்பை நீக்கினால் பால்மானியின் எண் உயரும். கொழுப்பை எடுத்துவிட்டு, அளவறிந்து தண்ணீரும் சேர்த்தவரை அக்கருவி காட்டிக்கொடாது. கொழுப்புச் சோதனையே அவரை வெளிப்படுத்தும்.

அச்சோதனைக்குரிய கெர்பர் முறையில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலம், 10.75 மில்லிலிட்டர் பால், 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹால் என்ற அளவும் வரிசையும் மாறலாகாது. கண்திட்டம் இங்கே உதவாது. அமிலம் வலுமிகுந்திருந்தால் கொழுப்பில் கரிய துகள்கள் தோன்றும். வலுக்குறைந்தால் கரையாத வெண்பொருள் தங்கும். இரண்டிலும் அளவு தவறும்.

இன்று பல சங்கங்களில் மின்னணுப் பால் பகுப்பாய்வுக் கருவிகள் இயங்குகின்றன. சிரமம் குறைந்தது உண்மையே. ஆனால் கலக்காத பாலைக் கொடுத்தால் அக்கருவியும் தவறாகவே சொல்லும். நாள்தோறும் அதைக் கழுவித் தூய்மை செய்வதும், அவ்வப்போது கெர்பர் சோதனையுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் அவசியம்.

உறுப்பினர்களாகிய தாங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டறிய வேண்டியவை சில உள. கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த நாள் பதிவேட்டில் உள்ளதா? கொழுப்பளவு ஒவ்வொருவர் கணக்குப் புத்தகத்திலும் அன்றன்றே எழுதப்படுகிறதா? ஐயம் எழுப்புவோர் முன்னிலையில் அதே மாதிரியை மறுமுறை சோதிக்க ஏற்பாடு உண்டா? மாதிரியைச் சோதித்தவுடன் கொட்டிவிடும் வழக்கமிருந்தால், விலை கணக்கிட்டு முடியும்வரையேனும் அதை எடுத்துவைக்குமாறு தீர்மானம் செய்யலாம். இதற்குச் சில சிறு புட்டிகளே போதும்.